கையெழுத்துப் போடும் முன்: வீடு வாங்குவோரும் விற்போரும் கேட்கும் கேள்விகள்

"அப்பா இறந்து ஒன்பது வருசம் ஆச்சு. வீடு இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. வாங்க ஆள் வந்துட்டாங்க, முன்பணமும் குடுத்துட்டாங்க. இப்ப என்ன செய்யணும்?"

வழக்கறிஞர் அலுவலகத்திற்கு நம்மவர்கள் அடிக்கடி கொண்டு வரும் கேள்வி இது. கிராண்ட் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, வீட்டு வரியை மூத்த மகன் கட்டி வருகிறார், ஆகவே வீடு நம்முடையது என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நில அலுவலகப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்திட முடியும். அவர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தை நிர்வகிக்க முறையாக நியமிக்கப்பட்டவரைத் தவிர வேறு யார் போட்ட கையெழுத்தும் செல்லாது. முன்பணம் வாங்கிய மகன், இன்னும் தன் கைக்கு வராத ஒன்றை விற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். சொன்ன காலத்தில் விற்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும், ஏன் இழப்பீடு கேட்கவும்கூட வாங்குபவர் வரலாம்.

இந்தக் கட்டுரையில் சொல்லப்படுபவை தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபா, சரவாக்கில் நிலச் சட்டங்கள் வேறு.

அப்பாவின் பெயரில் உள்ள வீடு

முதலில் பார்க்க வேண்டியது, உயில் இருக்கிறதா என்பதுதான். உயில் இருந்தால் அதில் பெயர் குறிப்பிடப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று வீட்டை மாற்றவோ விற்கவோ செய்யலாம். உயில் இல்லை, இறந்தவரின் மொத்தச் சொத்தில் நிலமோ வீடோ அடங்கியிருக்கிறது, மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகவில்லை என்றால், அது சிறு சொத்து எனப்படும். அதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வீடு இருக்கும் மாவட்டத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் 'போராங் ஏ' பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். 'புசாக்கா கெச்சில்' என்று கேட்டால் நில அலுவலகத்தில் வழி காட்டுவார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் திருமணச் சான்றிதழ், கிராண்டின் நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பிறகு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் எல்லாரையும் அழைப்பார்கள்.

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. "அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குத்தானே எல்லாம்?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பங்கைத் தீர்மானிக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 320,000 வெள்ளி. அப்பா இறந்தபோது அம்மா, நான்கு பிள்ளைகள், பாட்டி ஆகியோர் இருந்தார்கள். அம்மாவுக்கு 80,000. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 40,000. பாட்டிக்கு 80,000. அப்போதே பெயர் மாற்றியிருந்தால், பாட்டி விசாரணையில் "என் பங்கு பேரப்பிள்ளைகளுக்கே போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லி, எழுத்திலும் கொடுத்திருப்பார். ஒன்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டதில் பாட்டியும் போய்விட்டார். இப்போது அவருடைய 80,000 வெள்ளிப் பங்கு அவரின் மற்றப் பிள்ளைகளுக்கு, அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போகிறது. பத்தாங்கில் இருக்கும் ஒரு சித்தப்பா, பேச்சுவார்த்தையே நின்றுபோன ஓர் அத்தை என்று எல்லாரையும் தேடிப்பிடிக்க வேண்டும். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் விற்பனை நிற்கும். கெட்ட மனசு யாருக்கும் இருக்க வேண்டியதில்லை, தள்ளிப்போட்டாலே போதும்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை அம்மாவே நினைத்தாலும் விற்க முடியாது. உத்தரவு பெற வேண்டும். உயில் இல்லாமல் நிர்வாகியாக நியமிக்கப்பட்டவரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டை விற்க முடியாது என்பதை வாங்குபவரும் நினைவில் வைக்க வேண்டும். 'நிர்வாகி' என்ற கடிதத்தைக் காட்டினார் என்பதற்காகப் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

தோட்டப்புறக் குடும்பங்களில் வரும் இன்னொரு சிக்கல் திருமணப் பதிவு. 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் கோயிலில் தாலி கட்டி நடந்த திருமணங்களை, வழக்கப்படி முறையாக நடந்திருந்தால், சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முப்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவியிடம் நில அலுவலகத்தில் சான்றிதழ் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. பிறகு தன்னை மனைவி என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை வரும். பிள்ளைகளின் பங்கும் அதனால் கேள்விக்குள்ளாகும். கணவன் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இருவர் பெயரிலும் இருந்தால் போதாதா?

போதாது. கணவன் மனைவி இருவர் பெயரையும் கிராண்டில் போட்டுவிட்டால், ஒருவர் போனதும் மற்றவருக்கு வீடு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வேறு சில நாடுகளில் அப்படி உண்டு. நம் தேசிய நிலச் சட்டத்தில் இல்லை. பாதி பாதியாக வாங்கினால், இறந்தவரின் பாதி மேலே சொன்னபடி வாரிசுகளுக்குத்தான் போகும். எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதி வங்கிக் கடனை அடைக்கும், பெயரை மாற்றாது. இ.பி.எப்.பில் வாரிசு நியமித்திருப்பதும் வீட்டைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே உயில் எழுதுங்கள். 18 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறப்போகும் பிள்ளையையோ அவரின் கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். போட்டால் அந்தப் பிள்ளைக்கு எழுதியது செல்லாமல் போகும்.

"இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிடலாமா?" என்றும் கேட்கிறார்கள். மாற்றலாம். கணவன் மனைவிக்குள் அன்பளிப்பாக மாற்றினால் முத்திரை வரி கிடையாது. பெற்றோரிடமிருந்து குடிமகனான பிள்ளைக்கு மாற்றினால், 2023 ஏப்ரல் 1 முதல், முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரைக்கும் முத்திரை வரி விலக்கு உண்டு. சலுகை நல்லதுதான். ஆனால் மாற்றிய பிறகு வீடு பிள்ளையுடையது. அவர் அடகு வைக்கலாம், விற்கலாம், திவாலானால் வீடும் போகலாம். வயதான பெற்றோர் தங்கள் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, உயிலே மேல் என்றுதான் தோன்றும்.

கிராண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

இனி வாங்குபவர் பக்கம் வருவோம். புக்கிங் பணம் கொடுக்கும் முன்பே நில அலுவலகத்தில் 'சாரியான்' எடுத்துப் பார்ப்பது நல்லது. விற்பவர் காட்டும் பழைய நகலை நம்ப வேண்டாம். சாரியான் மலாயில் இருக்கும், இரண்டு மூன்று இடங்களை மட்டும் கவனமாகப் படித்தால் போதும். உரிமையாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையதா? 'காடாயான்' என்று இருந்தால் வீடு வங்கியில் அடமானத்தில் உள்ளது. அது சாதாரணம், விற்பனைப் பணத்திலிருந்து அடைக்கலாம். 'காவியாட்' என்று இருந்தால் வேறு யாரோ உரிமை கோரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது யார், ஏன் என்று தெரியாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

'ஷாராட் ஞாத்தா' என்ற வரியில் நிலம் எதற்கு என்று எழுதியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய வீடு விவசாய நிலத்தில் நின்றால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அதைவிட முக்கியம் 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்'. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று இருக்கிறதா, பூமிபுத்ரா ஒதுக்கீட்டு லாட்டா என்று அங்கே தெரியும். மலாய் ரிசர்வ் நிலமா என்பதையும் கிராண்டில் பாருங்கள். அந்த நிலத்தை நாம் வாங்க முடியாது, எந்த ஏஜென்ட் என்ன வழி சொன்னாலும் சரி.

99 ஆண்டுக் குத்தகை நிலமாக இருந்தால் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்று பாருங்கள். குறைவாக இருந்தால் வங்கிகள் தயங்கும். குத்தகை நிலத்தை விற்கப் பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதல் தேவை. அதற்குச் சில மாதங்கள் ஆகும். அதனால்தான் ஒப்பந்தத்தில் மூன்று மாதக் காலக்கெடு கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்லாமல் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும்படி எழுதுவார்கள். அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டிற்கு இன்னொரு கேள்வி: ஸ்ட்ராட்டா கிராண்ட் வந்துவிட்டதா? வராவிட்டால் மேம்பாட்டாளரிடம் உறுதிக் கடிதம் பெற்று, வேறு பத்திரத்தின் மூலம் உரிமையை மாற்ற வேண்டும். பராமரிப்புக் கட்டண பாக்கி எவ்வளவு என்றும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

சூராட்டில் வாங்கிய வீடு

தோட்டம் மூடியபோதும் அதற்குப் பின்னும் மலிவு விலை வீடு பெற்றவர்கள் பலர். அவ்வகை வீடுகளில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, விற்றால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதுண்டு. அதைச் சுற்றிப் போக நம்மவர்கள் கண்டுபிடித்த வழி 'சூராட்'. சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், "இந்த வீட்டை இத்தனை வெள்ளிக்கு இவரிடம் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு கடிதம், ஒரு முத்திரை. முழுப் பணமும் கைமாறிவிடும். வாங்கியவர் ஓடு மாற்றி, கிரில் போட்டு, பிள்ளைகளை வளர்த்து, இருபது வருடம் வாழ்ந்திருப்பார்.

அந்த முத்திரை, கையெழுத்துப் போட்டவர் சத்தியம் செய்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி. வீட்டை மாற்றித் தருவதில்லை. கிராண்டில் பழைய பெயரே இருக்கும். அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகள் வந்து கதவைத் தட்டலாம். அவர் கடன்பட்டுத் திவாலானால் வீடும் அவர் சொத்தாகக் கருதப்படலாம். 'பவர்' எழுதி வாங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். சாதாரணமாக, பவர் கொடுத்தவர் இறந்ததும் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். பணம் பெற்றுக்கொண்டு, திரும்பப் பெற முடியாது என்று குறிப்பிட்டு, சட்டப்படி எழுதப்பட்ட பவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. உங்களுடையது எந்த வகை என்று வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படி வாங்கி வைத்திருப்பவர்கள், விற்றவர் உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கும் இன்றே போய் ஒப்புதலுக்கு மனுச் செய்து பெயரை மாற்ற முயலுங்கள். பணம் கட்டிய ரசீது, வங்கிக் குறிப்பு, நில வரி, மதிப்பீட்டு வரி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் அவைதான் பேசும்.

புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா?

பழைய வீட்டை வாங்கும்போது வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தம் 10 விழுக்காடாக்குவார்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அந்த முன்பணம் திரும்ப வருமா என்பது, நீங்கள் முதலில் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரி இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. முழு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்ட பிறகு கடன் கிடைக்காமல் பின்வாங்கினால் 10 விழுக்காடும் போகக்கூடும். எனவே கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு ஒப்பந்தம் போடுவதே நிம்மதி.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குபவருக்குச் சட்டம் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. அங்கே ஒப்பந்த வாசகங்களை அரசாங்கமே வகுத்திருக்கிறது. வருமானம் போதாமல் கடன் மறுக்கப்பட்டதாக ஆதாரம் காட்டினால், விலையில் ஒரு விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதத்தைத் திருப்பித் தர வேண்டும். தரை வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் இழப்பீடு. சாவி வாங்கிய பின் 24 மாதம் வரை குறைபாடுகளைச் சரிசெய்யச் சொல்லலாம். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம்.

பழைய வீட்டிற்கு இந்த நடுவர் மன்றம் கிடையாது. "இருக்கும் நிலையிலேயே" விற்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். மழை பெய்து கூரை ஒழுகுவதைச் சாவி வாங்கிய பிறகு பார்த்தால், பெரும்பாலும் உங்கள் செலவுதான். வெயிலில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் போய்ப் பாருங்கள்.

ஏஜென்ட் என்று வருபவரிடம் ஆர்.இ.என். எண் உள்ள அட்டையைக் கேளுங்கள். தரகுப் பணம் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, பழைய வீட்டில் அதை வழக்கமாக விற்பவர்தான் கொடுப்பார். முன்பணத்தை ஏஜென்டின் சொந்த வங்கிக் கணக்கில் போடவே போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கு, அல்லது வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கு. அந்த வழக்கறிஞர் உண்மையானவரா என்று மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

350,000 வெள்ளி வீட்டிற்கு 90 விழுக்காடு கடன் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 35,000. ஒப்பந்தத்திற்கான வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, அதாவது 4,375. பெயர் மாற்றத்திற்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வரை 2 விழுக்காடு, மொத்தம் 6,000. கடன் ஒப்பந்தத்திற்கு வழக்கறிஞர் கட்டணம் ஏறக்குறைய 3,940, முத்திரை வரி 0.5 விழுக்காடு என்ற கணக்கில் 1,575. சேவை வரி, சாரியான், மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் தனி. ஆக 51,000 வெள்ளிக்கு மேல் கையில் வேண்டும். 500,000 வெள்ளிக்கு மேற்போகாத முதல் வீடாக இருந்தால் இரு முத்திரை வரிகளுக்கும் அரசாங்கம் விலக்குத் தந்து வருகிறது. உங்கள் ஒப்பந்தத் தேதி சலுகைக் காலத்திற்குள் வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் இல்லாதவரிடம் "விலையை ஏற்றி எழுதி முழு லோன் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவர்கள் வருவார்கள். அது வங்கியை ஏமாற்றுவது. கையெழுத்து உங்களுடையது, மாதத் தவணையும் உங்களுடையது. விலையைக் குறைத்து எழுதி வரி மிச்சம் பிடிப்பதும் பலிக்காது. முத்திரை வரி, விலை அல்லது சந்தை மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் மீதுதான்.

விற்பவருக்கு

லாபத்தின் மீது சொத்து ஆதாய வரி உண்டு. குடிமக்களுக்கு, வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. குடியிருந்த வீட்டிற்கு வாழ்நாளில் ஒரு முறை முழு விலக்குக் கேட்கலாம். அது ஒரே முறைதான் என்பதால், ஆறாம் ஆண்டில் விற்கும் வீட்டிற்கு அதை வீணாக்காதீர்கள். வரி வராவிட்டாலும் 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வரி வரக்கூடிய விற்பனையில் வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வாரியத்திற்கு அனுப்புவார். "என் பணத்தை அமுக்கிவிட்டார்" என்று சண்டைக்குப் போகாதீர்கள், கணக்குப் போட்டு மீதம் திரும்ப வரும்.

வங்கிக் கடன் பாக்கி எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று விலை பேசும் முன்பே வங்கியில் கேளுங்கள். விலையைவிடப் பாக்கி அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் போட வேண்டும். ஒப்பந்தம் போட்ட மறுவாரமே பணம் வரும் என்று நினைத்து அடுத்த வீட்டிற்கு முன்பணம் கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக மூன்று மாதம், தாமதமானால் வட்டியோடு இன்னொரு மாதம். குத்தகை நிலமென்றால் அதற்கும் மேல்.

மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் மேம்பாட்டாளருக்காகத்தான் வேலை செய்கிறார், வாங்குபவருக்காக அல்ல. பழைய வீட்டிலும் "ஒரே லோயரைப் பார்த்துக்கொள்வோம், செலவு மிச்சம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அவர் யாருக்காகப் பேசுவார் என்று கேளுங்கள். சில ஆயிரம் வெள்ளி கூடுதலானாலும் சொந்தமாக ஒருவர் இருப்பது நல்லது.

சாவி கைக்கு வந்ததும் நகராண்மைக் கழகத்தில் மதிப்பீட்டு வரியைப் புதிய பெயருக்கு மாற்றுங்கள். மின்சாரம், தண்ணீர்க் கணக்குகளையும் மாற்றுங்கள். சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை சாரியான் எடுத்து, கிராண்டில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுத்துப் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையிட்ட ஒப்பந்தத்தை ஒரு கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.